வித்துட்டாங்களாம்! யாருக்கு, எவ்வளவுக்கு?

டிஸ்கி: இது ஒரு இங்கிலீஷ் ராக் பேண்ட் பத்தின பதிவு. ராக்னா காத தூரம் ஓடறவங்களும் தைரியமா படிக்கலாம். நடுநடுவுல நம்ம வீட்டுக் கதையும் வரும்.

போன மாசம் எங்க அபார்ட்மெண்ட் கிளப் ஹவுஸ்ல, புனேவுல இருக்கற தமிழ்க் குடும்பங்கள் ஒரு இருபது கூடினோம். வழக்கமான அயிட்டங்கள்தான். புளியோதரை, தயிர் சாதம், வாண்டுகள் திருக்குறள் ஒப்பிக்கறது, யாராவது ஒருத்தர் மைக்கைப் பிடிச்சா விடாம இருக்கறது. என் பொண்ணு பத்தாவது படிக்கிறா. அவ கீபோர்டுல ஒரு பாட்டு வாசிச்சா. ஜெனிஸிஸ்ங்கற பிரிட்டிஷ் பேண்டோட 'ஃபாலோ யூ ஃபாலோ மீ'. 1978-ல வந்த பாட்டு. நாலே நிமிஷம். யூட்யூப் பாத்து அவளே கத்துக்கிட்டது. ஒரு இடத்துல விரல் தடுமாறிச்சு, சமாளிச்சுட்டா.

கைதட்டல் அடங்கறதுக்குள்ள ஒரு பெரியவர் எழுந்தார். பேர் வேண்டாம், சார்னு வெச்சுக்குவோம். ரிட்டயர்டு என்ஜினியர், எழுபதை நெருங்கறவர். காலேஜ் காலத்துலேர்ந்து ராக் கேக்கறவர். அந்த சப்ஜெக்ட்ல எங்களுக்கெல்லாம் அவர்தான் என்சைக்ளோபீடியா.

"நல்லா வாசிச்சேம்மா. ஆனா இது அவங்க வித்துப் போனப்புறம் போட்ட பாட்டு. எழுபத்தெட்டோட ஜெனிஸிஸ் செத்துப் போச்சு. நல்ல பாட்டா கத்துக்கோ, அங்கிள் லிஸ்ட் தர்றேன்."

"சரி அங்கிள்"னு சிரிச்சா. வீட்டுக்கு வந்து கீபோர்டை உறையில போட்டு ஜிப்பை இழுத்தா. மூணு வாரமாச்சு. ஜிப் திறக்கல.

சார் கெட்டவர் இல்ல. எங்க வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லன்னா முதல்ல கார் எடுத்துட்டு வர்றவர் அவர்தான். ஆனா அவர் சொன்னது தப்பு. ரசனையைச் சொல்லல. எனக்கு ரசத்துல பெருங்காயம் தூக்கலா இருக்கணும், உங்களுக்கு வேண்டாம், அதுக்கு வழக்கு கிடையாது. அவர் சொன்ன கணக்கு தப்பு. பி.காம் முடிச்சு பேங்க்ல சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. "வித்துட்டான்"னு ஒரு காகிதம் டேபிளுக்கு வந்தா நாங்க கேக்கறது மூணே கேள்வி. வித்தவன் யாரு? வாங்கினவன் யாரு? என்ன விலை? இந்த மூணுக்கும் பதில் இல்லாத வவுச்சரை நான் பாஸ் பண்றதில்ல. இந்த விஷயத்துல ராக் ரசிகர்கள் நாப்பத்தஞ்சு வருஷத்துக்கும் மேல வவுச்சரே இல்லாம என்ட்ரி போட்டுக்கிட்டு இருக்காங்க.

முதல்ல தெரியாதவங்களுக்குச் சுருக்கமா முன்கதை.

1967-ல சார்ட்டர்ஹவுஸ்ங்கற பெரிய இடத்துப் பசங்க படிக்கற இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல ஆரம்பிச்ச குழு இது. பாட பீட்டர் கேப்ரியல், கீபோர்டுக்கு டோனி பேங்க்ஸ் (பேரே பேங்க்ஸ்! எனக்குப் பிடிக்காம எப்படி இருக்கும்), பேஸ் கிட்டாருக்கு மைக் ரதர்ஃபோர்டு. 1970-ல டிரம்ஸுக்கு ஃபில் காலின்ஸ் வந்தார். அடுத்து கிட்டாருக்கு ஸ்டீவ் ஹேக்கட். இவங்க வாசிச்ச வகைக்கு புரோகிரஸிவ் ராக்னு பேரு. மேற்கத்திய கிளாசிக்கல் வாடை, சட்டுனு எண்ண முடியாத தாளம், புராணக் கதை, நீள நீளமான பாட்டு. 1972-ல வந்த 'ஃபாக்ஸ்டிராட்' ஆல்பத்துல 'சப்பர்ஸ் ரெடி'ன்னு ஒரே பாட்டு கிட்டத்தட்ட 23 நிமிஷம் ஓடும்.

1975-ல கேப்ரியல் விலகினார். யார் யாரையோ பாட வெச்சுப் பாத்துட்டு கடைசியில டிரம்மர் காலின்ஸே பாட ஆரம்பிச்சார். 1977-ல ஹேக்கட்டும் போயிட்டார். தன்னோட பாட்டுக்கெல்லாம் ஆல்பத்துல போதுமான இடம் கிடைக்கலங்கறது அவர் குறை. மிச்சம் மூணு பேர். அந்த வருஷமே நெதர்லாந்துல ஹில்வாரன்பேக்ங்கற ஊர் ஸ்டுடியோவுல போய் உக்காந்தாங்க. 1978 மார்ச்ல ஆல்பம் வந்துச்சு. பேரு '...அண்ட் தென் தேர் வேர் த்ரீ...'. ஒவ்வொருத்தரா குறைஞ்சுக்கிட்டே வர்ற குழந்தைப் பாட்டு இருக்கு இல்லையா, அதுலேர்ந்து எடுத்த பேரு. தங்களைத் தாங்களே கிண்டல் பண்ணிக்கிட்டாங்க.

11 பாட்டு. நீளமானதே ஏழு நிமிஷத்துச் சொச்சம்தான். கடைசிப் பாட்டுதான் என் பொண்ணு வாசிச்சது. அது இங்கிலாந்துல 7-வது இடம், அமெரிக்காவுல 23-வது இடம். இங்கிலாந்து டாப் டென்ல அவங்களுக்கு அதான் முதல் சிங்கிள். ஆல்பம் இங்கிலாந்துல 3-வது இடம், அமெரிக்காவுல 14. அமெரிக்காவுல அவங்க வாங்கின முதல் கோல்டு சான்றிதழும் இதுக்குத்தான்.

குற்றப்பத்திரிகை எழுத இது போதாதா? எழுதிட்டாங்க. இப்ப ஒவ்வொரு என்ட்ரியா எடுத்து டிக் போடுவோம்.

என்ட்ரி 1: "அதுவரைக்கும் சுத்தமா இருந்தாங்க, அப்புறம் காசுக்காக மாறிட்டாங்க"

எதுவரைக்கும் சுத்தமா இருந்தாங்க? 1968-ல வந்த அவங்களோட முதல் சிங்கிள் 'த சைலண்ட் சன்'. அப்ப அவங்களை அறிமுகப்படுத்தின தயாரிப்பாளர் ஜோனதன் கிங்குக்கு பீ ஜீஸ்னா உசுரு. அவரைச் சந்தோஷப்படுத்தணும்னே பீ ஜீஸ் மாதிரி எழுதின பாட்டு அது. 1969-ல வந்த முதல் ஆல்பம் முழுக்கச் சின்னச் சின்ன பாப் பாட்டுதான். அது ஓடல. ஓடியிருந்தா இந்த 23 நிமிஷம் எல்லாம் வந்திருக்குமோ என்னவோ!

1973 ஆல்பத்துலேர்ந்து 'ஐ நோ வாட் ஐ லைக்'கைத் தனியா எடுத்து சிங்கிளா விட்டாங்க. 21-வது இடம் வரைக்கும் போச்சு. அப்ப கேப்ரியல் இருந்தார். 1976 கடைசியில வந்த 'விண்ட் அண்ட் வதரிங்'ல 'யுவர் ஓன் ஸ்பெஷல் வே'ன்னு பட்டவர்த்தனமான காதல் பாட்டு இருக்கு. அதையும் சிங்கிளா விட்டாங்க. பெரிசா போகல. அப்ப ஹேக்கட் இருந்தார்.

ஆக, 1968-லேர்ந்து ஹிட்டுக்கு முயற்சி பண்ணிக்கிட்டே இருந்தவங்க, 1978-ல ஜெயிச்சாங்க. தோத்த வரைக்கும் கலைஞன், ஜெயிச்ச அன்னிக்கு வியாபாரியா? அஞ்சு தடவை பரிட்சை எழுதி ஃபெயில் ஆனவனை "படிப்பே நோக்கமில்லாத ஞானி"ன்னு சொல்லிட்டு, ஆறாவது தடவை பாஸானதும் "பிட் அடிச்சுட்டான்"னு சொல்ற கதை.

என்ட்ரி 2: "எல்லாம் அந்த ஃபில் காலின்ஸ் பண்ண வேலை"

இதுதான் எனக்கு ரொம்பக் கோபம் வர்ற என்ட்ரி. ஆல்பத்தைத் திருப்பி யார் எந்தப் பாட்டை எழுதினாங்கன்னு போட்டிருக்கறதைப் படிச்சாலே போதும். யாரும் படிக்கறதில்ல.

11 பாட்டுல பேங்க்ஸ் தனியா எழுதினது 4. ரதர்ஃபோர்டு தனியா எழுதினது 3. பேங்க்ஸும் காலின்ஸும் சேர்ந்து 1. மூணு பேரும் சேர்ந்து 3. காலின்ஸ் தனியா எழுதினது? பூஜ்யம். அந்த 'கெட்டுப்போன' காதல் பாட்டோட வரிகள் யாரோடது? ரதர்ஃபோர்டு. தன் மனைவியை நினைச்சு எழுதினது. சார்ட்டர்ஹவுஸ்ல படிச்ச பெரிய இடத்துப் பிள்ளை!

அப்ப பழி மட்டும் ஏன் காலின்ஸ் மேல? எனக்குத் தோணறதைச் சொல்றேன். பேங்க்ஸ், ரதர்ஃபோர்டு, கேப்ரியல் மூணு பேரும் அந்தப் பள்ளிக்கூடத்து ஆளுங்க. காலின்ஸ் நடிப்புப் பள்ளியில படிச்சு, சின்ன வயசுல லண்டன் மேடையில 'ஆலிவர்!' நாடகத்துல நடிச்சு, அப்புறம் பத்திரிகை விளம்பரம் பாத்து ஆடிஷனுக்கு வந்து வேலைக்குச் சேர்ந்தவர். வந்தேறி. வீட்டுல ஏதாவது கெட்டுப் போனா வாழ வந்தவ தலையிலதானே விடியும்? பின்னாடி காலின்ஸ் தனியா பாடி உலகம் முழுக்கப் பேர் வாங்கினது உண்மை. ஆனா அது 1981-ல ஆரம்பிச்ச கதை. 1981-ல நடந்ததுக்கு 1978-ல டெபிட் போட முடியாது சாமி. முன்தேதியிட்ட பற்று எந்த பேங்க்லயும் செல்லாது.

என்ட்ரி 3: "நீளமான பாட்டைக் கைவிட்டுட்டாங்க"

இது பாதி உண்மை. 1978 ஆல்பத்துல பத்து நிமிஷப் பாட்டு ஒண்ணுகூட இல்ல. ஆனா அதுக்கப்புறம்? 1983 ஆல்பத்துல 'ஹோம் பை த ஸீ' ரெண்டு பகுதியும் சேர்த்து பத்து நிமிஷத்தைத் தாண்டும். 1986-ல வந்த 'இன்விஸிபிள் டச்'சுக்கு சார் மாதிரி ஆளுங்க வெக்கற பேரு "டிஸ்கோ குப்பை". அமெரிக்காவுல அஞ்சு சிங்கிள் டாப் ஃபைவ்ல போன ஆல்பம். அந்தக் குப்பைக்குள்ளதான் 'டோமினோ' இருக்கு, பத்து நிமிஷத்துக்கு மேல. 'டுநைட், டுநைட், டுநைட்' எட்டு நிமிஷத்துக்கு மேல. 1991-ல 'வீ காண்ட் டான்ஸ்' ஆல்பத்துல பத்து நிமிஷத்தைத் தாண்டற பாட்டு ரெண்டு.

சரியா கவனிங்க. கமர்ஷியலின் உச்சத்துல இருந்தப்ப நீளப் பாட்டு வருது. கமர்ஷியலுக்கு மாறப் போறோமோன்னு தயங்கின 1978-ல வரல. அப்ப நீளத்தைக் கொன்னது கமர்ஷியல் இல்ல. வேற ஏதோ. அது என்னன்னுதான் அடுத்த என்ட்ரி.

என்ட்ரி 4: "அந்த ஹிட் பாட்டுதான் ஆல்பத்தைக் கெடுத்துச்சு"

இங்க நான் சாருக்கு ஒண்ணை விட்டுக் குடுக்கணும். ஆல்பத்துல ஓட்டை இருக்கு. நான் இந்த ஆல்பத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல. ஆனா முழுசா உக்காந்து கேட்டா நடுவுல கண்ணு சொக்கும். 53 நிமிஷத்துக்குள்ள 11 பாட்டு. ஒவ்வொண்ணும் ஆரம்பிக்கறப்ப ஏதோ பெரிசா கட்டப் போறாங்கன்னு தோணும். அஸ்திவாரம் தோண்டி, தூண் எழுப்பி, நிமிந்து பாத்தா பாட்டு முடிஞ்சிருக்கும். 'ஸ்னோபவுண்டு', 'மெனி டூ மெனி' எல்லாம் அப்படித்தான். மூணு மாடி பிளானை ஒரு கிரவுண்டு மனையில தரைத்தளத்தோட நிறுத்தின மாதிரி. 'அண்டர்டோ'ன்னு அருமையான பாட்டு. அதுக்கு பேங்க்ஸ் ஒரு முன்னிசை எழுதியிருந்தார். வெட்டிட்டாங்க. அது வீணாப் போகல, 1979-ல தன்னோட தனி ஆல்பத்துல 'ஃப்ரம் த அண்டர்டோ'ன்னு போட்டார். ரெண்டையும் அடுத்தடுத்து போட்டுக் கேட்டுப் பாருங்க. என்ன வெட்டுப்பட்டுச்சுன்னு புரியும். வயிறு எரியும்.

ஹேக்கட் இல்லாததும் தெரியுது. அதுவரைக்கும் பேஸும் பன்னெண்டு கம்பி கிட்டாரும் வாசிச்சுக்கிட்டு இருந்த ரதர்ஃபோர்டு, லீட் கிட்டாரையும் சேர்த்து வாசிக்க வேண்டியதாச்சு. ரெண்டு சீட் வேலையை ஒரே ஆள் பாக்கற பிராஞ்ச் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். வேலை நடக்கும். மூச்சு வாங்கறதும் கேக்கும். அந்தக் காலி இடத்தை எல்லாம் பேங்க்ஸ் கீபோர்டால ரொப்பினார். 'பர்னிங் ரோப்'ல அது அழகு. பல இடத்துல சுவருக்கு மேல சுவர்.

ஆனா இதுக்கெல்லாம் அந்தக் கடைசிப் பாட்டா காரணம்? அங்கதான் கணக்கு உதைக்குது.

மேல சொன்ன எண்ணைத் திரும்பப் பாருங்க. 11-ல 7 பாட்டு தனித்தனி ஆள் எழுதினது. நாலு நிமிஷ, அஞ்சு நிமிஷப் பொட்டலமாத் திணறுதுன்னு நான் சொன்ன பாட்டெல்லாம் இந்த ஏழுல இருக்கு. பழைய பாணியில யோசிச்சு, புது அளவுல வெட்டினது. நீளமா எழுதவும் பயம், சுருக்கமா எழுதவும் பழக்கமில்ல. அவங்க பயந்தது பழசை விடறதுக்கு. 'சப்பர்ஸ் ரெடி' கேட்ட ஆளுங்க கோவிச்சுக்குவாங்களோன்னு அதே பனி, அதே புராணம், அதே சோகம், எல்லாத்தையும் சின்ன டப்பாவுல அடைச்சாங்க. இந்த ஆல்பத்தோட பலவீனம் அது கமர்ஷியலா போனது இல்ல. போதுமான அளவு போகாதது.

இப்ப அந்தக் கடைசிப் பாட்டு. ரதர்ஃபோர்டு கிட்டார்ல ஒரு சின்ன முடிச்சு மாதிரி ஒரு ரிஃப், அலை மேல எழும்பி இறங்கற மாதிரி எஃபெக்ட் போட்டது. அதுக்கு காலின்ஸ் மெதுவா, கொஞ்சம் லத்தீன் நடையில ஒரு தாளம். பேங்க்ஸ் அளவா ரெண்டு கார்டு, நடுவுல பாடற மாதிரி ஒரு கீபோர்டு சோலோ. மூணு பேர் ஒரே ரூம்ல வாசிச்சு வாசிச்சு வந்த பாட்டு. யாரும் பழைய ஆளா நடிக்கல. போன ரெண்டு பேரோட நிழல் இந்தப் பாட்டுல விழல. நாலு நிமிஷத்துப் பாட்டு நாலு நிமிஷத்துக்காகவே எழுதினது, எதையும் வெட்டல. 11 பாட்டுல யார்கிட்டயும் மன்னிப்பு கேக்காத பாட்டு இதுதான்.

அதே மாதிரி மூணு பேரும் சேர்ந்து எழுதின இன்னொண்ணு முதல் பாட்டு 'டவுன் அண்ட் அவுட்'. கேளுங்க. ஐந்தைந்தா எண்ண வேண்டிய தாளம், நம்ம கண்டம் மாதிரி. ஆல்பத்துலயே முரட்டுப் பாட்டு. ரெக்கார்டு கம்பெனிக்காரன் கலைஞனை உபயோகப்படுத்திட்டுத் தூக்கிப் போடறதைப் பத்தின பாட்டு. 'வித்துப் போன' ஆல்பம் ஆரம்பிக்கறதே இப்படித்தான்! ஆக, கடினமானதும் சேர்ந்து எழுதினப்பதான் வந்துச்சு, எளிமையானதும் சேர்ந்து எழுதினப்பதான் வந்துச்சு. நடுவுல தனித்தனியா எழுதினதுலதான் சரக்கு இருந்தும் பாதிக்கு மேல மூச்சுத் திணறுது. அந்தப் பாடத்தை அவங்களே கத்துக்கிட்டாங்க. 1983-லேர்ந்து ஒவ்வொரு பாட்டுக்கும் மூணு பேர் பேரும் இருக்கும். அந்த வழியோட முதல் படி சார் குப்பைன்னு சொன்ன இந்தப் பாட்டு.

என்ட்ரி 5: "வித்துட்டாங்க"

இப்ப மெயின் வவுச்சர். வாங்கினது யாரு?

ஜெனிஸிஸ் ஆளுங்களே பேட்டிகள்ல சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் அவங்க கச்சேரிக்கு வந்தது பெரும்பாலும் ஆம்பளைப் பசங்கதான். இந்தப் பாட்டுக்கப்புறம் பொண்ணுங்களும் வர ஆரம்பிச்சாங்களாம். சாரோட தலைமுறைப் பசங்களுக்கு எங்க வலிச்சுச்சுன்னு இப்ப புரியுதா? அவங்க கிளப்புக்குள்ள வேற யாரோ வந்துட்டாங்க. தாளத்தை எண்ணத் தெரியாதவங்க, ஆல்பம் அட்டையைப் பாத்து மணிக்கணக்கா விவாதிக்காதவங்க, பாட்டு நல்லா இருக்குன்னு கேட்டவங்க. பல இடத்துல "கமர்ஷியல்"ங்கற வார்த்தைக்கு அர்த்தம் "இதைப் பொண்ணுங்களும் கேக்கறாங்க" அவ்வளவுதான். அந்த வார்த்தையை ஒரு பதினஞ்சு வயசுப் பொண்ணு முன்னாடி, அவ வாசிச்சு முடிச்ச அடுத்த நிமிஷம், கிளப் ஹவுஸ் மைக்ல சொல்றது என்ன நியாயம்?

என்ன விலை? அதையும் பாப்போம். 1978 மார்ச் கடைசியில ஆரம்பிச்ச டூர் டிசம்பர் வரைக்கும் இழுத்துச்சு. ஐரோப்பா, அமெரிக்கா, முதல் தடவையா ஜப்பான். இந்த டூருக்குப் போனா நான் இருக்க மாட்டேன்னு காலின்ஸோட மனைவி சொல்லியிருந்தாங்கன்னு அவரே பின்னாடி சொன்னார். போனார். 1979-ல குடும்பத்தைச் சேத்து வெக்கப் பாத்து கனடாவுல வான்கூவர் வரைக்கும் போய் உக்காந்தார். நடக்கல. திரும்பி வந்தார். அந்த வலியில வீட்டுல தனியா உக்காந்து எழுதினதுதான் 1981-ல வந்த அவரோட முதல் தனி ஆல்பம். டிரான்ஸ்ஃபர் ஆர்டரைக் கையில வெச்சுக்கிட்டு ராத்திரி சமையலறையில நின்னு வீட்டுல பேசினவங்களுக்கு இந்த விலை புரியும். நோகாம நோட்டு எண்ணினாங்கன்னு சொல்றவங்களுக்குப் புரியாது.

நிஜமாவே விக்கறதுன்னா எப்படி இருக்கும்? அதே 1978-ல எமர்சன், லேக் அண்ட் பாமர்னு இன்னொரு பெரிய புரோகிரஸிவ் பேண்ட் 'லவ் பீச்'னு ஒரு ஆல்பம் போட்டாங்க. கான்ட்ராக்ட் பாக்கிக்காகப் போட்டது. விமர்சகர்கள் கிழிச்சு எறிஞ்சாங்க. அடுத்த வருஷம் பேண்டே கலைஞ்சு போச்சு. மனசில்லாம சுருக்கறதுக்கும் தேடிப் பாத்து சுருக்கறதுக்கும் வித்தியாசம் காதுக்குத் தெரியும். 1976, 77-ல பங்க் ராக் பசங்க வந்து இந்தப் பெரிய பேண்டுகளை எல்லாம் கிழட்டு யானைன்னு கேலி பண்ணிக்கிட்டு இருந்த சமயம் அது. நின்ன இடத்துலயே நின்னிருந்தா ஜெனிஸிஸும் மியூசியத்துக்குப் போயிருக்கும். சாருக்கு அதான் சந்தோஷம் போல. செத்துப் போன பேண்டுக்கு வருஷா வருஷம் திதி குடுக்கலாம், அது திரும்பி வந்து புதுசா எதையும் பாடித் தொலைக்காது.

இப்ப என் கணக்கையும் காட்டிடறேன். அடுத்தவன் லெட்ஜரை மட்டும் பாத்துட்டுப் போறவன் நல்ல ஆபீசர் இல்ல.

1999-ல ஜெனிஸிஸ் ஹிட் பாட்டுகளோட தொகுப்பு ஒண்ணு வந்துச்சு. அப்ப நான் பி.காம் படிச்சுக்கிட்டு ஹாஸ்டல்ல இருந்தேன். ரூம்மேட் கேசட் வாங்கினான். 'ஃபாலோ யூ ஃபாலோ மீ'யை நான் அதுலதான் முதல் தடவை கேட்டேன். ராத்திரி ஹெட்ஃபோனைப் போட்டு ரீவைண்ட் பண்ணி ரீவைண்ட் பண்ணிக் கேப்பேன். சீனியர்ஸ் கூட்டத்துல "என்னடா கேப்பே?"ன்னு கேட்டப்ப நான் சொன்ன பதில், "சப்பர்ஸ் ரெடி, அண்ணா." அதை நான் அதுவரைக்கும் கேட்டதே இல்ல. பேர் மட்டும் தெரியும். பின்னாடி ஒரு நாள் கேட்டேன், பன்னெண்டாவது நிமிஷத்துல தூங்கிட்டேன். (இப்ப நிஜமாவே பிடிக்கும். அதுக்கு எனக்கு முப்பத்தஞ்சு வயசு ஆக வேண்டியிருந்துச்சு.)

போன ஞாயித்துக்கிழமை பொண்ணுகிட்ட உக்காந்து இதெல்லாம் சொன்னேன். யார் எத்தனை பாட்டு எழுதினாங்க, டோமினோ எத்தனை நிமிஷம், எல்லாம். பொறுமையா கேட்டா. அப்புறம் சொன்னா:

"அங்கிள் சொன்னது பரவாயில்லப்பா. அவர் அப்படித்தான். நீங்க அப்ப தலையாட்டினீங்க."

ஆட்டினேன். ஞாபகம் இருக்கு. பழைய ஹாஸ்டல் தலை. பெரியவங்க "அது குப்பை"ன்னதும் தானா ஆடிடுச்சு. நான் இருபது வருஷத்துக்கு முன்னாடி ஒளிச்சு வெச்சுக் கேட்ட பாட்டை, அவ இருபது குடும்பம் முன்னாடி தைரியமா வாசிச்சா. என் தலை அவ பக்கம் நிக்கல. மேல எழுதின அஞ்சு என்ட்ரியும் கிளப் ஹவுஸ்ல அன்னிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது.

வெளியூர்ல இருக்கற நம்ம எல்லாருக்கும் இந்த "மாறிட்டே" பாட்டு பழக்கம்தான். லீவுல ஊருக்குப் போனா முதல் அரை மணி நேரத்துல யாராவது சொல்லிடுவாங்க. பையன் தமிழ் பேசறதுல இந்தி வாடை அடிக்குது, வீட்டுல சப்பாத்தி ஆயிடுச்சாமே, நீ பழைய ஆளே இல்லப்பா. நாமளும் கூனிக்குறுகி, ஊர்ல இருக்கற பத்து நாளும் பழைய ஆளா நடிச்சுட்டு வருவோம். பழையதை முழுசா வெச்சிருக்கவும் முடியல, புதுசை வெளிப்படையா சொல்லிக்கவும் தைரியமில்ல, எல்லாத்தையும் சின்ன டப்பாவுல அடைச்சு. அந்த 1978 ஆல்பத்தோட நடுப்பகுதி மாதிரி.

ஜெனிஸிஸோட கடைசிக் கச்சேரி 2022 மார்ச் 26, லண்டன்ல நடந்துச்சு. காலின்ஸால டிரம்ஸ் வாசிக்க முடியாத உடல்நிலை. நாற்காலியில உக்காந்து பாடினார், டிரம்ஸ்ல அவர் மகன். கேப்ரியல் பார்வையாளர் வரிசையில இருந்தார். அந்த டூர்ல 'டோமினோ'வும் இருந்துச்சு, கேப்ரியல் காலத்துப் பாட்டும் இருந்துச்சு, 'ஃபாலோ யூ ஃபாலோ மீ'யும் இருந்துச்சு. மூணு பேரும் எதையும் எதுக்காகவும் மறைக்கல. அவங்களே ஒரே லெட்ஜர்ல எழுதிக்கிட்ட கணக்கை நாம ஏன் ரெண்டாப் பிரிக்கணும்?

சார், இதை நீங்க படிப்பீங்கன்னு தெரியும். அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. ஃபில்டர் காபி போட்டு வெக்கறேன். உங்க லிஸ்ட்டையும் எடுத்துட்டு வாங்க, அதுல இருக்கற பாட்டெல்லாம் எனக்கும் பிடிக்கும். ஆனா மைக்ல சொன்னதை மைக்ல வாபஸ் வாங்கணும். அடுத்த கூட்டம் பொங்கலுக்கு. நானும் அன்னிக்குத் தலையாட்டினதுக்கு அதே மைக்ல மன்னிப்பு கேக்கறேன்.

பி.கு. 1: சாருக்குப் பிடிக்காத ஆல்பத்துலயே 'பர்னிங் ரோப்' இருக்கு. அதை மட்டுமாவது திரும்பக் கேளுங்க சார். ப்ளீஸ்.

பி.கு. 2: ஜிப் இன்னும் திறக்கல. நேத்து ராத்திரி அவ ரூம்லேர்ந்து ஏதோ முணுமுணுப்பு கேட்டுச்சு. என்ன பாட்டுன்னு கேக்கல. கதவை மெதுவா சாத்திட்டு வந்துட்டேன்.